சத்தியம் வாங்காதீர்கள்

செவிலியத்திலும் சமூகப்பணியிலும் உளவியலிலும் இன்று பட்டம் பெறும் மாணவர்களே!

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நீங்கள் ஒரு குடிநோயாளியைச் சந்திப்பீர்கள். குடிக்கு வைத்தியம் கேட்டு அவர் வந்திருக்க மாட்டார். வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்திருக்கும், அல்லது வயிற்றுவலி என்று வந்திருப்பார். உங்களில் சிலருக்கு அவரைச் சொந்த வீட்டிலேயே தெரிந்திருக்கும். அவரைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான்: அவரிடம் சத்தியம் வாங்காதீர்கள்.

குடியை நிறுத்த நம் ஊரில் என்ன செய்கிறோம்? பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொல்கிறோம். கோயிலுக்கு அழைத்துப்போய்க் கயிறு கட்டுகிறோம். சில வாரங்களில் சத்தியம் முறிகிறது. குடித்த குற்றத்தோடு, பெற்ற பிள்ளைமேல் செய்த சத்தியத்தை மீறிய குற்றமும் அவர் நெஞ்சில் ஏறிக்கொள்கிறது. அந்தப் பாரத்தை மறக்க அவருக்குத் தெரிந்த வழி மறுபடியும் குடிதான். அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இதைத்தான் ஆராய்ந்து எழுதினார். ஒருமுறை தவறியவரை முழுக் குடிக்கு இழுத்துச் செல்வதில், அந்த ஒரு குவளையைவிட ‘எல்லாம் போச்சு, நான் இவ்வளவுதான்’ என்ற எண்ணத்துக்கே பங்கு அதிகம்.

ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். ஆண்டு முழுக்கக் குடித்தவர் ஒரு மண்டலம் தொடுவதில்லை. பக்தியின் வலிமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த நாட்களில் அவரைச் சுற்றி நடப்பதையும் கவனியுங்கள். விடியுமுன் எழுகிறார். மாலையில் கடைக்குப் போன நேரம் பஜனைக்குப் போகிறது. கூட்டாளிகள் அவரை ‘சாமி’ என்கிறார்கள், குடிக்கக் கூப்பிடுவதில்லை. வீடு முழுவதும் அவருக்கு ஒத்தாசையாக நிற்கிறது. மாலையைக் கழற்றிய பிறகு அதே தெரு, அதே மாலைநேரம், அதே கூட்டாளிகள். கடையைக் கடக்கும்போது மனம் இழுப்பது மூளை ஆண்டுக்கணக்கில் கற்ற பாடம். அதை ஒழுக்கக்கேடு என்று வைவதால் அந்தப் பாடம் அழியாது.

இடமும் சூழலும் எவ்வளவு பெரியவை என்பதற்கு உலகம் அறிந்த சான்று ஒன்று உண்டு. வியட்நாம் போரில் அமெரிக்கப் படைவீரர்கள் பலர் ஹெராயினுக்கு அடிமையானார்கள். 1971இல் நாடு திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். அங்கே அடிமையாயிருந்தவர்களில் முதல் பத்து மாதங்களில் மீண்டும் அடிமையானவர்கள் 5 சதவீதம் மட்டுமே. மூன்று ஆண்டுகளில், சிறிது காலமேனும் அந்நிலைக்குத் திரும்பியவர்கள் 12 சதவீதம். பெரும்பாலோர் சிகிச்சைக்கே போகவில்லை. போர்முனையும் அங்கே மலிவாகக் கிடைத்த ஹெராயினும் பின்னால் போய்விட்டன, அவ்வளவுதான். நம் நோயாளிக்கு அப்படி விட்டுவிட்டு வர வேறு நாடு இல்லை. அவர் இருக்கிற தெருவிலேயே அவருடைய மாலைநேரத்தை மாற்றித் தர வேண்டியது நம் வேலை.

அதற்கு முன் உயிர் காக்கும் பாடம் ஒன்று. பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவரை அறையில் பூட்டி வைத்துக் குடியை நிறுத்த முயல்வது ஆபத்து. சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் இல்லாததைப் பார்த்து அலறும் சித்தப்பிரமை வரலாம். கவனிக்காமல் விட்டால் மரணமும் நேரலாம். செவிலியர்களே, இப்படிப்பட்டவருக்குக் குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றுமுன் தயமின் ஊசி போட்டாயிற்றா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வைட்டமின் பி1 வற்றிப்போன மூளைக்கு வெறும் குளுக்கோஸ் நிரந்தர ஊனம் தரக்கூடும்.

மருந்துகள் இருக்கின்றன. நால்ட்ரெக்சோன் குடியில் கிடைக்கும் கிறக்கத்தைக் குறைக்கிறது, அகாம்புரோசேட் நிறுத்தியவர் மீண்டும் தொடாமலிருக்கத் துணை செய்கிறது. ஹெராயினை விட முடியாதவர்களுக்கு மெதடோன் கொடுத்து வேலைக்கும் குடும்பத்துக்கும் திருப்பலாம் என்று வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற மருத்துவர்கள் 1965இலேயே 22 நோயாளிகளைக் கொண்டு காட்டினார்கள். டைசல்ஃபிராம் குடியை நிறுத்தப் பயன்படும் என்பது 1940களில் டென்மார்க்கில் கண்டறியப்பட்டது. அதை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். ‘குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்’ என்னும் விளம்பரங்களை நம்பி ஏதோ ஒரு பொடியைச் சாம்பாரில் கலக்கும் மனைவிமார்களை நீங்கள் சந்திப்பீர்கள். அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள், அந்தத் தவிப்பு நியாயமானது. ஆனால் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடி உயிரைப் பறிக்கலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஒருவருக்குத் தெரியாமல் கொடுப்பது சிகிச்சையாகாது.

இனி பேச்சு. ‘ஏன்யா குடிக்கிறே, புள்ளைங்கள நெனச்சுப் பாத்தியா?’ என்று கேட்டால் அவர் தலைகுனிவார், அல்லது சண்டைக்கு வருவார். இரண்டிலும் உரையாடல் முடிந்துவிடும். 1983இல் வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் வேறு வழி ஒன்றை எழுதினார். ‘அண்ணே, குடிக்கிறதுல உங்களுக்கு என்ன கெடைக்குது?’ என்று முதலில் கேளுங்கள். உடம்புவலி போகுது, தூக்கம் வருது என்பார். பிறகு, ‘எதையெல்லாம் கெடுக்குது?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ‘சின்னவ என் பக்கத்துல வரமாட்டேங்குறா’ என்று அவர் வாயாலேயே வரும். நாம் நூறு முறை சொன்னாலும் ஏறாதது, தானே சொல்லித் தன் காதால் கேட்கும்போது ஏறுகிறது. அங்கிருந்து, ஆசை எழும் நேரம் எது, அப்போது யார் பக்கத்தில் இருப்பார்கள், கூலி கையில் கிடைக்கும் சனிக்கிழமையை எப்படிக் கடப்பது என்று ஒவ்வொன்றாக அவரோடு சேர்ந்து திட்டமிடலாம்.

இது பெரிய மருத்துவமனைகளில்தான் முடியும் என்று எண்ணாதீர்கள். கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு எதுவும் படிக்காத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி தந்து, தீங்காகக் குடிக்கும் ஆண்களிடம் அதிகபட்சம் நான்கு அமர்வுகள் பேச வைத்தார்கள். முடிவு 2017இல் லான்செட் இதழில் வெளியானது. மூன்று மாதம் கழித்து, முந்தைய 14 நாட்களில் குடியைத் தொடாதவர்கள் இவர்களிடம் பேசிய பிரிவில் 42 சதவீதம், பேசாத பிரிவில் 18 சதவீதம். பட்டம் பெற்ற நீங்கள் இதைவிடக் குறைவாகச் செய்ய எந்தக் காரணமும் இல்லை.

கடவுளிடம் ஒப்படைக்கும் வழியை நான் குறை சொல்கிறேனா? இல்லை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் 12 படிகளைப் பின்பற்ற உதவும் சிகிச்சைகள், குடியை அறவே விடுவதில் மற்றவற்றுக்கு நிகராகவோ மேலாகவோ பயன் தருகின்றன என்று 2020இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. சான்று சொல்வதை ஏற்பதுதான் அறிவியல். ஆனால் பெரியார் பிறந்த மண்ணில், தன்னைவிட உயர்ந்த சக்தியிடம் சரணடையச் சொன்னால் எழுந்துபோகிற நோயாளியும் இருக்கிறார். அவரும் குணமாக வேண்டாமா? 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரி போன்ற அமைப்புகள் அவரைப் போன்றவர்களுக்காகவே, நம்பிக்கையைக் கேட்காமல் பயிற்சிகளை மட்டும் சொல்லித் தருகின்றன. எவருக்கும் ஒரே கதவுதான் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

அடித்துத் திருத்துகிறோம் என்று சொல்லும் ‘மறுவாழ்வு இல்லம்’ எதையாவது நீங்கள் பார்க்க நேர்ந்தால் வாய்மூடி இருக்காதீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பழக்கத்தோடு தொடர்புடைய நிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் அது தடை செய்கிறது.

ஒரு மாதம் குடிக்காமல் இருந்தவர் மறுபடி குடித்துவிட்டு உங்கள் முன் வந்து நிற்பார். சர்க்கரை ஏறி வருகிறவரை நாம் விரட்டுவதில்லை, மாத்திரையை மாற்றிப் பார்க்கிறோம். இவரையும் உட்கார வையுங்கள். எந்த நாள், எந்த இடம், யாரோடு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த சிகிச்சைக்கு வேண்டிய தகவல் முழுவதும் அதில் இருக்கும்.

2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைக்கிறது. மீதி 37 பேரைத் தேடிப் போக வேண்டியவர்கள் நீங்கள். உங்கள் பணியிடத்தின் சுவரில் 14416 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அது டெலி மானஸ் அரசு மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.