அறுவைக்கு முன்னும் பின்னும் அன்னமே துணை
(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், விதை, உரம் ஆகியவை பற்றியே இத்தகைய கூட்டங்களில் பேசுவது வழக்கம். இன்று நான் அடுப்பங்கரையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். கருப்பை, கருப்பைக் கழுத்து, சினைப்பை ஆகிய உறுப்புகளில் புற்றுநோய் கண்டு அறுவை சிகிச்சைக்குச் செல்லும் பெண்களுக்கு எத்தகைய உணவு வேண்டும், அதனைக் கொடுக்க வேண்டியவர் யார் என்பதே என் பொருள். இது மருத்துவர்கள் மட்டும் கவனிக்க வேண்டிய காரியம் என்று எண்ணிவிடாதீர்கள். அப்பெண் மருத்துவமனையில் இருப்பது சில நாட்களே. அதற்கு முன்னும் பின்னும் பல வாரங்கள் அவள் இருப்பது உங்கள் ஊரில், உங்கள் வீட்டில்.

இந்நோய் வந்தால் விதி முடிந்தது என்று கைவிட்ட காலம் ஒன்று இருந்தது. தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் விடாமுயற்சியால், 1954-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இவ்வறுவைகள் நடைபெறுகின்றன. ஏழைக் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. ஆனால் நோயுற்ற பகுதியை அகற்றுவதோடு மருத்துவரின் கத்தி நின்றுவிடுகிறது. வெட்டிய இடத்தை மூடி வளர்ப்பது அப்பெண்ணின் உடம்பேயாகும். அதற்கு வேண்டிய பொருள் உணவிலிருந்துதான் வரவேண்டும்.

சேற்று வயலில் நாற்றைப் பிடுங்கி நடுமுன் தொழு உரமிட்டு மண்ணைப் பண்படுத்துகிறீர்கள். வேர் அறுபட்ட நாற்று மறுபடி ஊன்றிக்கொள்ள அம்மண்ணின் வளமே ஆதாரம். அறுவையும் அத்தகையதே. உடல் வற்றிய நிலையில் அறுவைக்குச் செல்லும் பெண்ணுக்குப் புண் ஆறத் தாமதமாகும். சீழ் பிடிக்க இடமுண்டு. மருத்துவமனையில் தங்கும் நாட்கள் பெருகும். அறுவைக்குப்பின் கதிர்ச் சிகிச்சையோ மருந்துச் சிகிச்சையோ தேவைப்படின், அதுவும் தள்ளிப்போகும்.

நம் பெண்கள் எந்நிலையில் அறுவைக்கு வருகிறார்கள்? 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேர் இரத்தச் சோகை உடையவர்கள். நோயினால் உதிரப்போக்கும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். வீட்டார் அனைவரும் உண்டபின், மிஞ்சிய சோற்றையும் ரசத்தையும் உண்பது பல வீடுகளில் பெண்ணின் பங்காக இருந்து வருகிறது. இவ்வழக்கம் அறுவை நாளன்று தன் கணக்கைக் கேட்கிறது.

ஆகவே, நோய் உறுதியான நாளிலேயே எடையைப் பாருங்கள். ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால், அதாவது 50 கிலோ இருந்தவர் 45 கிலோ ஆகியிருந்தால், அதனை மருத்துவரிடம் தவறாது சொல்ல வேண்டும். மிக நலிந்தவர்களுக்கு ஒன்று அல்லது இரண்டு வாரம் சத்தூட்டிய பின்னரே அறுவை செய்வதுண்டு. அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். உடம்பு தேறட்டும் என்று நாமாகவே அறுவையைத் தள்ளிப்போடலாகாது. சினைப்பைப் புற்றில் வயிற்றில் நீர் கோப்பதால் எடை குறையாதது போலத் தோன்றும். அப்போது கையைப் பாருங்கள். வளையல் தளர்ந்து மேலே ஏறினால் உடல் வற்றுகிறது என்று பொருள்.

இக்காலத்தில் இன்றியமையாதது புரதச்சத்து. நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை வேண்டும். 50 கிலோ உள்ள பெண்ணுக்கு இது 60 முதல் 75 கிராம். கடையில் விற்கும் சத்து மாவு டப்பாக்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. பருப்பும் பயறும் 100 கிராம், முட்டை இரண்டு, பாலும் தயிருமாக 400 மில்லி, வேர்க்கடலை ஒரு கைப்பிடி, இவற்றோடு அரிசியும் கேழ்வரகுமாக 300 கிராம் சேர்ந்தால் ஏறக்குறைய 75 கிராம் கிடைத்துவிடும். முட்டை உண்ணாதவர் பயறையும் பாலையும் கூட்டிக்கொள்ளலாம். மீன் கிடைக்கும் ஊரில் மீன் மிக நன்று. முருங்கைக்கீரையோடு நெல்லிக்காயும் எலுமிச்சையும் சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு உடலில் சேரும். சாப்பாட்டுடன் தேநீரும் காப்பியும் வேண்டா. எனினும் கடுமையான சோகையைக் கீரை மட்டும் தீர்க்காது. மாத்திரையோ, ஊசியோ, இரத்தமோ மருத்துவர் சொன்னபடி ஏற்க வேண்டும். நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர் தமக்குரிய அளவைக் கேட்டறிய வேண்டும்.

அறுவைக்கு முன்நாள் முழுதும் பட்டினி கிடப்பது நன்று என்று சிலர் நினைக்கின்றனர். பொதுவாகத் திட உணவை 6 மணி நேரத்திற்கு முன்பும், தெளிந்த நீரை 2 மணி நேரத்திற்கு முன்பும் நிறுத்தினால் போதுமென்பது இக்கால மருத்துவம். மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் சொல்லும் நேரமே உங்களுக்குச் சட்டம். அறுவைக்குப்பின்னும் பெரும்பாலோர்க்கு ஒரு நாளுக்குள் உணவு தொடங்கப்படுகிறது. குடலிலும் அறுவை நடந்திருந்தால் முறை மாறலாம்.

வீடு திரும்பியதும் தொல்லை வேறு வடிவில் வருகிறது. பருப்பும் முட்டையும் உண்டால் புண் சீழ் பிடிக்கும் என்று கூறி, வெறுங்கஞ்சியும் சுட்ட அப்பளமும் கொடுத்துப் பத்தியம் காக்கிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. புண்ணை ஆற்றுவதே அப்பருப்பும் முட்டையுந்தான். கஞ்சி தவறன்று; அதில் பாசிப்பருப்பும் மோரும் சேரட்டும். மூன்று வேளை உண்ண இயலாவிடில், சிறுகச்சிறுக ஆறு வேளை கொடுங்கள். சத்துள்ள உணவு புற்றையே வளர்க்கும் என்ற அச்சத்திற்கும் ஆதாரமில்லை. பட்டினியால் மெலிவது பெண்தான். கதிர்ச் சிகிச்சையின்போது வயிற்றுப்போக்கு கண்டால் மட்டும் காரம், நார்ப்பொருள், பால் ஆகியவற்றைக் குறைத்து நீரும் உப்பும் சேர்க்க வேண்டும். வாந்தி நில்லாமல், வயிறு உப்பி, காற்றும் பிரியாதிருந்தால் கைவைத்தியம் பாராது உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இன்னொன்றையும் கூறவேண்டும். சில வீடுகளில் அப்பெண்ணுக்குத் தனித்தட்டு வைத்து, தனியே அமர்த்துகிறார்கள். உடனமர்ந்து உண்பதால் புற்றுநோய் பரவுவதில்லை. தனிமையில் வைத்த சோறு எவர்க்கும் இறங்காது.

ஊராட்சி செய்யக்கூடியது என்ன? மகளிர் சுய உதவிக் குழுவினர் முறைவைத்து இரண்டு மாதம் பாலும் முட்டையும் பயறும் அவ்வீட்டில் சேர்க்கலாம். அறுவடைக் காலமாயின் அவள் பங்கு வேலையை அயலார் ஏற்கலாம். மூன்றாம் வாரத்திலேயே குடம் தூக்கவும் களை பறிக்கவும் அவளை அனுப்பலாகாது. வாரம் ஒருமுறை எடை பார்த்துவர கிராமச் சுகாதாரச் செவிலியரை வேண்டிக்கொள்ளலாம். மாதவிடாய் நின்றபின் உதிரம் கண்டாலும், துர்நாற்றத்துடன் வெள்ளைப்பட்டாலும் நாணத்தால் மறைக்காது ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லும்படி கிராம சபையில் எடுத்துரைக்கலாம்.

இவற்றில் எதற்கும் பெருநிதி வேண்டியதில்லை. ஊர் முழுவதற்கும் உணவு சமைத்த கைகள் அவை. அவை ஓய்ந்திருக்கும் சில வாரங்கள், முதற்பந்தியில் அப்பெண்ணுக்கு இலை போடுங்கள்.