எகிப்தின் வெங்காயமும் பாலைநிலத்து மன்னாவும்



வீடு மந்திரிக்கப் போகும்போதும், நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும்போதும் தாய்மார்கள் என்னிடம் கேட்பதுண்டு: "சாமி, முருங்கைக்கீரை வச்சா தட்டைத் தள்ளி விடுறான். பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டைக் கொடுத்தா தூள்கூட மிச்சம் வைக்கிறதில்லை. உடம்புக்கு நல்லதுக்கெல்லாம் கடவுள் ஏன் சாமி ருசியைக் கொடுக்கல?" சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார்கள். ஆனால் அதே வீட்டின் உள்ளறையில், சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண்ணோடு தாத்தா படுத்திருக்கிறார். நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் கணக்கிட்டது. ஆகவே, அந்தத் தாயின் கேள்விக்குப் பொறுப்போடு பதில் தேட வேண்டும்.

முதலில் நம் நாக்கின் சார்பாகச் சிறிது பேசுகிறேன். நாக்கு நம் எதிரி அல்ல. கடவுள் தந்த காவலாளி. தாய்ப்பால் இனிக்கிறது, எனவே பிறந்த குழந்தைக்கும் இனிப்பு பிடிக்கிறது. நரம்பும் தசையும் இயங்க உப்பு தேவை. எனவே உப்பைத் தேடுகிறோம். 1 கிராம் மாவுச்சத்து 4 கலோரி தருகிறது. 1 கிராம் கொழுப்போ 9 கலோரி தருகிறது. அடுத்த வேளை உணவு கிடைக்குமா என்று தெரியாமல் வாழ்ந்த மூதாதையருக்கு, கொழுப்பை விரும்பிய நாக்குதான் உயிரைக் காத்தது. நஞ்சுள்ள செடிகள் பலவும் கசக்கும் என்பதால், கசப்பைக் கண்டால் குழந்தை முகம் சுளிக்கிறது. அது பிடிவாதம் அல்ல, பாதுகாப்பு.

பஞ்ச காலத்துக்குப் பழகிய இந்தக் காவலாளி, இன்று தெருவுக்கு நான்கு பேக்கரி இருக்கும் ஊரில் நிற்கிறான். இயற்கையில் சர்க்கரையும் கொழுப்பும் மிகுதியாக ஒன்றுசேர்ந்து கிடைப்பது அரிது. தேனில் கொழுப்பு இல்லை. இறைச்சியில் இனிப்பு இல்லை. ஐஸ்கிரீமிலும் கேக்கிலும் இரண்டும் கைகோத்து வருகின்றன. எவ்வளவு இனிப்பு சேர்த்தால் நாக்கு உச்ச இன்பம் அடையும் என்பதை உணவு ஆலைகள் சோதித்து அளந்து வைத்திருக்கின்றன. 'இன்பப் புள்ளி' என்றே அதற்குப் பெயர். கீரை யாரிடமும் அளவெடுத்துக்கொண்டு வளர்வதில்லை. போட்டி சமமானது அல்ல.

ஆனால், அந்த உணவு உண்மையிலேயே கூடுதல் ருசிதானா? அமெரிக்காவில் கெவின் ஹால் என்னும் ஆய்வாளரின் குழு 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 20 பேரை ஆய்வு மனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பெரிதும் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் இயல்பான உணவும் கொடுத்தார்கள். பரிமாறிய சர்க்கரை, உப்பு, கொழுப்பு, நார்ச்சத்து இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவின்போது அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி அதிகமாக உண்டார்கள். எடையும் கிட்டத்தட்ட 1 கிலோ கூடியது. "எது இனிமையாக இருந்தது?" என்ற கேள்விக்கோ, இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் கொடுத்தார்கள்! வேறுபாடு வேகத்தில் இருந்தது. மென்மையான ஆலை உணவை அவர்கள் வேகமாக உண்டார்கள்.

நம் திரு அவை இதை வேறு வழியில் கண்டிருந்தது. தலையான பாவங்கள் ஏழில் போசனப்பிரியமும் ஒன்று என்று சிறுவயதில் மறைக்கல்வியில் படித்தோம். அளவுக்கு மிஞ்சி உண்பது மட்டுமே போசனப்பிரியம் என்று நாம் நினைக்கிறோம். திருத்தந்தை பெரிய கிரகோரியாரும், அவர் வழியில் புனித தாமஸ் அக்குவினாசும் அதற்கு ஐந்து வகை சொன்னார்கள். பேராவலோடு விழுங்குவதும் அவற்றில் ஒன்று. ருசிப்பது பாவம் அல்ல. கானாவூரில் நல்ல திராட்சை இரசம் தந்தவர் நம் ஆண்டவர். ருசிக்காமலேயே விழுங்குவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

எண்ணிக்கை நூல் 11-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்கள் அழுகிறார்கள். எகிப்தில் உண்ட மீனும் வெள்ளரிக்காயும் வெங்காயமும் பூண்டும் அவர்கள் நினைவுக்கு வருகின்றன. அவை கெட்ட உணவு அல்ல. ஆனால், அந்த உணவோடு சேர்த்து வாங்கிய சாட்டையடியும், சுமந்த செங்கலும் அந்த நினைவில் இல்லை. மன்னாவோ சுவையற்றதும் அல்ல. எண்ணெயில் சுட்ட அப்பத்தின் சுவை அதற்கு இருந்தது என்று அதே அதிகாரம் சொல்கிறது. மன்னாவில் ருசி இருந்தது. பழைய ருசிக்கு அடிமைப்பட்ட நாக்குக்குத்தான் அது தெரியவில்லை. கால்கள் எகிப்தைவிட்டு வந்துவிட்டன. நாக்கு இன்னும் எகிப்தில் இருந்தது.

நம் நிலையும் இதுதான். வறுத்த உணவின் ருசியை வாய் அரை நிமிடத்தில் அறிகிறது. அதன் விலையை உடல் பத்து ஆண்டு கழித்துக் கட்டுகிறது. கீரையின் பயனும் பத்து ஆண்டு கழித்துத்தான் தெரியும். அதனால்தான் தீயது ருசியாகவும், நல்லது சப்பென்றும் தோன்றுகிறது.

நல்ல செய்தி என்னவென்றால், நாக்கு திருந்தும். உப்பைக் குறைப்பவருக்கு முதலில் எல்லாம் சப்பென்றுதான் இருக்கும்; சில வாரங்கள், சில மாதங்கள் பொறுத்தால் பழைய உணவு கரிக்கத் தொடங்கும். குழந்தை ஒருமுறை துப்பிய காயை, அதட்டாமல், ஊட்டித் திணிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து முறையாவது தட்டில் வையுங்கள்; பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். நாம் இரண்டாம் முறையே கைவிட்டுவிடுகிறோம். நாற்பது ஆண்டுகள் பொறுத்த கடவுளின் பொறுமையில் சிறிதாவது நமக்கு வேண்டாமா?

ஒருசந்தியும் சுத்தபோசனமும் இதற்கான பள்ளிக்கூடங்கள். வெள்ளிக்கிழமை இறைச்சியை விட்டுவிட்டு, மாலையில் பஜ்ஜிக் கடை வாசலில் நின்றால் நாக்கு எதையும் கற்றுக்கொள்ளாது.

ஒன்றை மறவாதீர்கள். கூலி வேலை முடிந்து இரவு ஏழு மணிக்கு வீடு திரும்பும் தாய், அழும் பிள்ளைக்குப் பத்து ரூபாய் பாக்கெட் வாங்கினால், அவளைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கீரையை ஆய்ந்து, அரிந்து, சமைக்க நேரம் வேண்டும். உடலில் தெம்பும் வேண்டும். அவளுக்குத் தேவை அறிவுரை அல்ல, துணை. மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளுக்குச் சுண்டலோ கடலை மிட்டாயோ கொடுக்க நம் அன்பியங்கள் முறைவைத்துக்கொள்ளலாமே! கணவர்மாரே, கீரை ஆய உங்களுக்கும் இரண்டு கைகளை இறைவன் தந்திருக்கிறார்.

இந்த வாரம் ஒன்றை மட்டும் செய்வோம். உணவுக்கு முன் சிலுவை அடையாளம் வரைந்து, ஒரு நிமிடம் செபித்து, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, மெதுவாக மென்று உண்போம். அன்றாட உணவைத் தந்தையிடம் கேட்கும் நாம், தந்ததை ருசிக்கவும் கற்றுக்கொள்வோம்.

பாலைநிலத்தில் மன்னாவைப் பொழிந்த தந்தையே, எங்கள் கால்களை மட்டுமல்ல, எங்கள் நாவையும் விடுவித்தருளும். ஆமென்.