பெயர் காத்தால் மருந்து காப்போம்
(பிள்ளைப்பாக்கத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பொதியமலையின் மேலைச் சரிவில் வாழும் காணிக்காரர் காத்த ஒரு பச்சிலையைப் பற்றிச் சொல்ல விழைகின்றேன். 1987-இல் அம்மலை ஏறிய ஆய்வாளர் சோர்ந்தனர்; வழிகாட்டிய காணியரோ சோர்ந்திலர். இடையிடையே அவர்கள் தின்ற சிறு காய்களே அதற்குக் கரணியம். முதலில் மறைத்தவர்கள், பின்னரே செடியைக் காட்டினர். திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டு நிலைத்திணை ஆய்வகம், அதன் இலையோடு வேறு மூன்று மூலிகைகளைக் கூட்டிச் 'சீவனி' எனும் மருந்தாக்கியது. 1995-இல் 10 இலக்கம் உருபாவுக்குக் கோவை நிறுவனம் ஒன்றுக்கு அதனைச் செய்யும் உரிமையைத் தந்தது. அத்தொகையிற் பாதி காணியர்க்கென ஒதுக்கப்பெற்றது. நன்று!

ஆனால், பெயர்? 'ஆரோக்கியப்பச்சை' என்றே உலகம் அச்செடியை அறிகின்றது. பச்சை நம்முடையது, முன்னுள்ளதோ வடசொல். 'நலப்பச்சை' என்றால் நோய் தீராதா?

பெயர் மறந்த செடி களையாகும். களையென்றால் பிடுங்கி எறிவர். ஆலைகள் சூழ்ந்த இவ்வூரில், ஏரிக்கரைக் கீழாநெல்லியைப் பெயர்சொல்லிக் காட்டவல்ல பிள்ளைகள் எத்துணைப் பேர்? காணியர் தம் அறிவை நாவிலேயே வைத்துக் காத்தனர். நாமும் மூதாட்டியரிடம் கேட்டு, நம்மூர்ச் செடிகளின் தமிழ்ப்பெயர்களை இன்றே எழுதிவைப்போம், பிள்ளைகட்கும் சொல்லித்தருவோம்.