அடுக்குகளிடையே ஒரு மணி நேரம்



தேர்வு நெருங்கும் நாட்களில் நம் கல்லூரி நூல் நிலையங்கள் பலவற்றில் உட்கார இடம் கிடைப்பது அரிது. மற்ற நாட்களிலோ நூலகரே தனித்திருப்பார். தேர்வுக் காலத்திலும் மேசைமேல் விரிந்து கிடப்பவை பெரும்பாலும் வீட்டிலிருந்து கொணர்ந்த குறிப்பேடுகளே. நாற்காலியைப் பயன்படுத்துவதை நூல் நிலையத்தைப் பயன்படுத்துவதாக எண்ணிவிடலாகாது.

இக்குறை புதிதன்று. மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்ந்தார். வாசகர் மிகுதியாக வராத அத்தனிமையைப் பொறாது, கற்பிக்கும் பணிக்கே திரும்ப விழைந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று, அங்குள்ள நூலகங்கள் இயங்கும் முறையைக் கண்டு வந்தபின், மாணவர் தாமே அடுக்குகளிடையே சென்று நூலை எடுத்துப் பார்க்க வழி செய்தார். வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் உண்டு என்பதோடு, நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் உண்டு என்பதையும் 1931-இல் விதியாகவே வகுத்தளித்தார்.

வாசகருக்காகக் காத்திருந்த நூலுக்கு நம் கடற்கரையிலேயே சான்று உண்டு. முத்துக்குளித்துறையில் தொண்டாற்றிய அண்டிரிக் அடிகளாரின் ‘அடியார் வரலாறு’ 1586-இல் அச்சாயிற்று. அச்சான இடம் புன்னைக்காயல் என்பர். காலப்போக்கில் அது இங்கே கண்ணில் படாது மறைந்தது. வாத்திகன் நூலகமோ ஒரு பிரதியைக் காத்து வைத்திருந்தது. இராசமாணிக்கம் அடிகளார் அதனைப் பதிப்பிக்க, தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் 1967-இல் வெளியிட்டது. ஏறத்தாழ 380 ஆண்டுகளுக்குப் பின் அந்நூல் தன் மண்ணின் வாசகரை அடைந்தது.

கைப்பேசி இருக்க, அடுக்குகளிடையே அலைவானேன் என்பீர்கள். பெயர் தெரிந்த நூலைத் தேட அது உதவும், ஐயமில்லை. இருப்பதாகவே நாம் அறியாத நூலை எப்படிக் கேட்பது? முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், இன்ன சிப்பியில் முத்து உண்டு என்று அறிந்து எவரும் மூழ்கியதில்லை. கைக்கெட்டியவற்றை அள்ளி வந்து, கரையில் திறந்து பார்த்தனர்.

ஆகவே, வாரத்தில் ஒரு மணி நேரம் தேர்வை மறந்து அடுக்குகளிடையே நடந்து வாருங்கள். பாடத்துக்குப் புறம்பான ஒரு நூலை எடுத்துப் பத்துப் பக்கம் படியுங்கள். மனத்துக்கு இசையாவிடில் மேசைமேல் வைத்துவிடுங்கள். நூலகர் அதனை உரிய இடத்தில் சேர்ப்பார். இசைந்தால் உங்கள் பெயரில் பதிந்து வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். அவர் இத்தனை நூல்களையும் காத்து வைத்திருப்பது உங்களுக்காகவே.