கயிற்றோரம் நின்றவரின் புத்தகம்



நாம் கூடியிருக்கும் இந்தக் குண்டசாலை அரசன் குடியிருந்த மண். நரேந்திரசிங்க மன்னன் இங்கே மாளிகை அமைத்து வாழ்ந்தான். சிங்கள மக்கள் அவனைக் குண்டசாலை ராஜா என்றே அழைத்தார்கள். 1739இல் அவன் மறைந்தபின், மதுரையிலிருந்து வந்த அரசியின் உடன்பிறந்தவர் கண்டிச் சிம்மாசனம் ஏறினார். இவை எல்லாம் ஏட்டில் இருக்கின்றன. அந்த அரசனின் பல்லக்கைச் சுமந்தவர்கள் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது?

சுமந்தவர் ஒருவர் புத்தகம் எழுதிய கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். அவர் பெயர் பொபி ஹீனன். 1944இல் அமெரிக்காவின் சிக்காகோவில் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. தாயையும் பாட்டியையும் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு அந்தச் சிறுவன் தலையில். மல்யுத்தம் நடக்கும் இடங்களில் வீரர்களின் பைகளையும் மேற்சட்டைகளையும் சுமந்தார். கூட்டத்துக்குள் புகுந்து தின்பண்டம் விற்றார். 1965இல் அவரே களத்துக்கு வந்தார், மனேஜராக.

மனேஜர் என்றதும் கணக்கு வழக்குப் பார்ப்பவர் என்று எண்ணிவிடாதீர்கள். தொழில்முறை மல்யுத்தத்தில் யார் வெல்வது என்பது முன்கூட்டியே பேசி முடித்த காரியம். விழுவதும் வலிப்பதும் மட்டும் மெய். அங்கே மனேஜர் என்பவர் வீரனுக்கு வாய். மைக்கைப் பிடித்து ஊரையே ஏசுவார், சனம் கொதிக்கும். கடைசியில் நல்லவன் கையால் அடிபட்டு அவர் மல்லாந்து விழும்போது அந்தச் சனத்தின் வயிறு குளிரும். நமது காமன் கூத்தில் மதனை எதிர்த்து வரும் வீரபத்திரன் உக்கிரமாக ஆடினால்தானே மதனுக்காக நம் கண் கலங்குகிறது? அந்த வேஷத்தைத்தான் ஹீனன் ஆயுள் முழுக்கக் கட்டினார்.

1987 மார்ச் 29. டெட்ரோயிட் நகருக்கு அருகே பொன்டியாக் அரங்கம். 93,173 பேர் வந்ததாக நடத்திய நிறுவனம் அறிவித்தது. சக்கரம் பூட்டிய சிறு மேடையில் ஆண்ட்ரே என்ற மாமலை போன்ற வீரரும், பக்கத்தில் ஹீனனும் வருகிறார்கள். இருபுறமிருந்தும் குப்பை வந்து விழுகிறது. ஆண்ட்ரேக்கு முதுகில் நோய். உடைக்குள்ளே பட்டி கட்டியிருக்கிறார். ஹல்க் ஹோகன் அவரைத் தூக்கிப் போட்டார், உலகம் கைதட்டியது. அந்த முதுகின் வலியைப் பக்கத்தில் நின்று அறிந்தவர்கள் சிலரே. மல்யுத்தக் களத்தின் கயிற்றோரம் நிற்பவன் பார்ப்பதை, கைதட்டும் கூட்டம் பார்ப்பதில்லை.

பேச்சால் சோறு தின்ற அந்த மனிதருக்கு 2002இல் தொண்டையில் புற்றுநோய் என்று தெரியவந்தது. அதே ஆண்டில் அவருடைய முதல் புத்தகம் வெளிவந்தது. 2004இல் அடுத்தது. தனியாக அவர் எழுதவில்லை. ஸ்டீவ் அண்டர்சன் என்ற எழுத்தாளர் கூட உட்கார்ந்து எழுதினார். அந்த 2004இல்தான் அவருக்குப் பெரும் விருதும் கிடைத்தது. ஏற்புரையில் அரங்கத்தையே சிரிக்க வைத்தவர், 1999இல் இறந்துபோன தோழர் மொன்சூன் இங்கே இல்லையே என்ற ஏக்கத்தோடு முடித்தார். பிறகு தாடையில் அறுவைக்கு மேல் அறுவை, பேச்சு குழறிப்போனது. 2017இல் தமது 72ஆவது வயதில் கண் மூடினார். குரல் போயிற்று, புத்தகம் நிற்கிறது.

இந்தப் பாடம் நமக்குப் புதிதல்ல. மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போனவர். தொழிற்சங்க மேடைகளில் தொழிலாளருக்காகப் பேசியவர். ஆனால் மேடையோடு நின்றுவிடாமல், கொழுந்து பறிக்கும் பெண்களின் வாயிலிருந்த பாட்டுகளைத் தேடித் தேடிக் கேட்டு நூலாக்கினார். அவர் கேட்டு எழுதியதால் அந்தப் பாட்டுகள் இன்று நம் கையில் இருக்கின்றன.

அன்பானவர்களே, திகன பக்கத்து லயங்களில் இன்றும் தப்பு அடித்த கைகள் இருக்கின்றன. கூத்துப் பழக்கிய மாஸ்டர்கள் இருக்கிறார்கள். சங்கக் கூட்டத்துக்கு வாங்கு சுமந்தவர்கள் இருக்கிறார்கள். தலைவர்களின் பெயர் பத்திரிகையில் வந்துவிட்டது. இவர்களின் நினைவு இவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு எழுத வராது தம்பி என்பார்கள். எட்டாம் வகுப்பில் நின்ற ஹீனனுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தாரே, அப்படி நீங்கள் உட்காருங்கள்.

ஓர் அப்பியாசக் கொப்பி போதும். இன்றிரவே உங்கள் தாத்தாவிடம், அப்பாயியிடம் கேளுங்கள்: அன்றைக்கு நீங்கள் எங்கே நின்றீர்கள், என்ன பார்த்தீர்கள்? அவர்கள் சொல்லுகிற சொல்லிலேயே எழுதுங்கள். குரல் இருக்கும்போதே எழுதுங்கள்.