மலையில் வளர்ந்த கால்கள்

(தோட்ட விளையாட்டு விழாவில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மரதன் ஓட்டம் என்றால் 42.195 கிலோமீற்றர். பதுளையிலிருந்து அப்புத்தளை வரைக்கும் ஓடுகிற மாதிரித்தான். ஆனால் நம்ம ரோட்டில் 700 மீற்றருக்கு மேல் ஏற வேண்டும். ஏற்றத்தில் விட்ட நேரத்தை இறக்கத்தில் முழுசாகப் பிடிக்க ஏலாது. அதனால்தான் குறைந்த நேரத்தில் ஓட நினைப்பவர்கள் மேடு பள்ளம் இல்லாத ஊரைத் தேடிப் போகிறார்கள்.

அப்படி ஒரு ஊர் நெதர்லாந்தில் இருக்கும் ரொட்டர்டாம். லண்டன், நியூயோர்க் அளவுக்குப் பெரிய நகரம் இல்லை. துறைமுகப் பட்டினம், தட்டையான நிலம். 1988இல் எத்தியோப்பியாவின் பெலாய்னே டின்சாமோ அங்கே 2 மணித்தியாலம் 6 நிமிஷம் 50 செக்கனில் ஓடினார். அந்த உலக சாதனை பத்து வருஷம் நின்றது.

1998இல் அதே ஊரில் கென்யாவின் டெக்லா லொரூப் 2 மணித்தியாலம் 20 நிமிஷம் 47 செக்கனில் ஓடி, 1985 முதல் இருந்த பெண்கள் சாதனையை 19 செக்கனால் முறியடித்தார். அவரும் மலைநாட்டுப் பிள்ளைதான். சின்ன வயசில் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் சுமார் 10 கிலோமீற்றர் ஓடியே போனவர். ஓட்டத்துக்கு ஆதரவு கொடுத்தது அவருடைய தாய் மட்டுந்தான்.

இதை ஏன் சொல்கிறேன்? வயசுக்கு வந்ததும் "இனி ஓட வேணாம்" என்று பொம்பளைப் பிள்ளைகளை நிறுத்துகிற வீடுகள் நம்ம லயங்களில் இன்னும் இருக்கின்றன. கொழுந்து சுமந்து மலை ஏறி இறங்குகிற தாய்மாரே, உங்கள் பிள்ளைகளின் கால்களுக்கு என்ன குறை?

ஓடுகிற பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை. சமநிலத்தில் ஆரம்பத்தில் கால் தானாகவே வேகமெடுக்கும். அதை நம்பினால் 30 கிலோமீற்றருக்குப் பிறகு உடம்பு விட்டுவிடும். மைதானத்தில் ஒவ்வொரு சுற்றையும் ஒரே நேரத்தில் முடிக்கப் பழகுங்கள். முதலில் 5, பிறகு 10 கிலோமீற்றர். 18 வயசுக்கு முந்தி முழு மரதன் வேண்டாம்.

சாப்பாட்டோடு பிளேன்டீ குடிக்காதீர்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவதை அது குறைத்துவிடும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

பெற்றோரே, அடுத்த பயிற்சிக்கு மகன் பெயரோடு மகள் பெயரையும் கொடுங்கள்.