குளிரில் நின்ற மரங்கள்



கொரியாவில் 1844-ஆம் ஆண்டு வரையப்பட்ட ஒரு நிலக்காட்சிச் சித்திரத்தைப் பற்றி இன்று பேசப்போகிறேன். பெயர் 'சேஹாண்டோ'. கடுங்குளிர்காலத்துச் சித்திரம். வரைந்தவர் கிம் ஜொங்ஹீ. பெரிய அறிஞர், எழுத்தோவியத்தில் மேதை. அரண்மனை அரசியலில் சிக்கி, 1840-இல் ஜேஜு தீவுக்குத் தண்டனையாக அனுப்பப்பட்டவர்.

பதவி போனதும் பழகியவர்கள் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். அவருடைய மாணவர் யி சாங்ஜொக் ஒதுங்கவில்லை. மொழிபெயர்ப்பாளராகச் சீனா போய்வந்த அவர், அங்கே அரிய நூல்களைத் தேடி வாங்கித் தீவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அந்த நூல்களைச் செல்வாக்குள்ள யாருக்காவது கொடுத்திருந்தால் அவருக்கு ஆதாயம் கிடைத்திருக்கும். அப்படிச் செய்யாமல் தமக்கே அனுப்பிய மாணவருக்கு ஆசிரியர் சொன்ன நன்றிதான் இந்தச் சித்திரம்.

அதில் ஒரு சின்ன வீடு, நான்கு மரங்கள். அவ்வளவுதான். ஆளில்லை. பனியைக்கூட வரையவில்லை. மையைக் கொஞ்சமாகத் தொட்டு, காய்ந்த தூரிகையால் தேய்த்திருக்கிறார். கோடுகளுக்கு ஊடே காகிதம் வெளிறித் தெரிகிறது, பார்க்கும்போதே குளிர்கிறது. வலப்பக்கம் ஒரு கிழட்டுப் பைன் மரம். ஒரு கிளை மட்டும் நீண்டுபோய், நுனியில் கொஞ்சம் ஊசியிலைகளோடு நிற்கிறது. அதை ஒட்டி நேராக ஓர் இளமரம். ஆசிரியரும் மாணவருமே அந்த இரண்டு மரங்கள் என்பார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

குளிரிலும் பசுமை மாறாத பைன், மன உறுதிக்கு அடையாளம். கன்பூசியஸ் காலத்திலிருந்தே கிழக்காசியாவில் எல்லோரும் அறிந்த குறியீடு அது. வரைந்து வரைந்து வெறும் அலங்காரமாகிப்போன மரமும்கூட. கிம்மின் கையில் அதற்கு மறுபடி உயிர் வந்தது. அவர் மரத்தை அழகுபடுத்தவில்லை. தாம் பட்ட குளிரை அதன்மேல் ஏற்றினார்.

யி அந்தச் சித்திரச் சுருளைப் பெய்ஜிங்குக்கு எடுத்துப்போனார். சீன அறிஞர்கள் 16 பேர் அதைப் பார்த்து உருகி, பாராட்டுரை எழுதிச் சேர்த்தார்கள். பிற்காலத்தில் அது ஒரு ஜப்பானிய அறிஞரிடம் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் உலகப்போர் முற்றியிருந்த 1944-இல், சோன் ஜேஹியோங் என்ற கொரியர் டோக்கியோவுக்கே போய், மன்றாடி வாங்கி வந்தார். மறு ஆண்டு அந்த ஜப்பானியரின் நூல்கள் குண்டுவீச்சில் எரிந்துபோயின. 2020-இல் சித்திரம் நாட்டுக்கு நன்கொடையாக வந்தது. இப்போது சியோலில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கையில் செல்பேசி இருப்பவர்கள் இன்றே தேடிப் பாருங்கள். காய்ந்த தூரிகையின் தடம் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள்.